கப்பல் கட்டியவன் எங்கே?

கடலைப் பற்றிப் பேசுவதென்றால் தமிழனுக்கு உற்சாகம் பிறந்துவிடுகிறது. கடலில் இறங்குவதென்றால் மட்டும் அந்தக் காரியத்தை மீனவரிடம் விட்டுவிடுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் மேற்கு மாம்பலத்தில் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு தெருவில் உபந்நியாசம் நடந்தால் அடுத்த தெருவில் சரித்திரச் சொற்பொழிவு. அண்மையில் அப்படி ஒரு சொற்பொழிவில், இங்கிலீஷில் கடற்படைக்கு 'நேவி' என்று பெயர் வந்ததே நம்முடைய 'நாவாய்' என்ற சொல்லிலிருந்துதான் என்று பேச்சாளர் முழங்கினார். பலத்த கைதட்டல். சோழன் கட்டிய கப்பலைப் பார்த்துத்தான் ஐரோப்பியன் கப்பல் கட்டக் கற்றான் என்றார். அதற்கும் கைதட்டல். சோழன் கப்பலில் பலகையோடு பலகையை எதைக் கொண்டு இணைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் பதில் இருந்திராது. அதற்காக அவர் வெட்கப்பட்டிருக்கவும் மாட்டார். அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே நமது பெருமைக்குத் தெரியாது.

'நேவி' சமாசாரத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தச் சொல்லுக்குத் தாய், லத்தீன் மொழியின் 'நாவிஸ்'. கிரேக்கத்து 'நவுஸ்', சமஸ்கிருதத்து 'நௌ' இரண்டும் அதற்கு உடன்பிறப்புகள். நாவாய் அந்தக் குடும்பத்துக்கு எந்த வகையில் உறவோ, நிச்சயமாகத் தாய் அல்ல. ஆனால் இங்கிலீஷ்காரன் சந்தேகமே இல்லாமல் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட கடற்சொல் ஒன்று இருக்கிறது. அது 'கட்டமரான்'. நம்முடைய கட்டுமரம்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் அச்சான தன் பிரயாண நூலிலேயே இந்தக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். பிற்காலத்தில் அந்தப் பெயர் இரட்டை உடல் கொண்ட வேறு வகைப் படகுகளுக்குப் போய் ஒட்டிக்கொண்டு, இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது. பொய்யான சொல்லுக்குக் கைதட்டும் நாம் இந்த மெய்யான சொல்லை ஏன் மேடையில் ஏற்றுவதில்லை? நாவாய் என்றால் ராஜா நினைவுக்கு வருகிறான்; கட்டுமரம் என்றால் மீனவன் நினைவுக்கு வருகிறான். விஷயம் இவ்வளவுதான். நம்முடைய கடற்பெருமையின் அஸ்திவாரமே இந்த இடத்தில்தான் கோணலாக விழுந்திருக்கிறது.

சரி, ஐரோப்பியன் கப்பல் கட்டக் கற்ற கதைதான் என்ன? அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பிறர் கதையைத் தெரிந்துகொள்ளாமல் நம் கதையின் அளவு நமக்குப் புரியாது.

கிரேக்கர்களும் ஒரு காலத்தில் கயிற்றால் தைத்த கப்பலில்தான் போனார்கள். ஹோமரின் இலியத்தில், ஒன்பது வருஷ முற்றுகைக்குப் பிறகு கப்பல்களின் மரம் உளுத்துப்போயிற்று, கயிறு தளர்ந்துபோயிற்று என்று அகமெம்னான் குறைப்படுகிறான். பிரான்ஸிலுள்ள மார்சேய் நகரம் கிரேக்கர் குடியேறி உண்டாக்கிய பட்டணம். அங்கே 1993இல் பூமியைத் தோண்டியபோது கி.மு. ஆறாம் நூற்றாண்டுப் படகு ஒன்று கிடைத்தது. பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலேயே அதே காலத்துக் கப்பல் இன்னொன்று. அதில் தையல் பெரும்பாலும் போய், கழுந்து வந்துவிட்டது. பலகையின் விளிம்பில் துளை வெட்டி, அதில் மரக்கழுந்தைச் செருகி, அடுத்த பலகையை அதன்மேல் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குகிற முறை அது. துருக்கிக் கரையில் உலுபுருன் என்னுமிடத்தில் மூழ்கிக் கிடந்த கி.மு. பதினான்காம் நூற்றாண்டுக் கப்பலிலேயே இந்தக் கழுந்து வேலை இருக்கிறது. கிழக்கே கானான் கரையில் பிறந்த வித்தை. ரோமர்கள்கூட அதற்குப் பினீஷியர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஆக, கிரேக்கனும் ஒருவனிடம் கற்றுக்கொண்டவன்தான். அதைச் சொன்னால் கிரேக்கனுக்குக் கோபம் வருவதாகத் தெரியவில்லை.

இந்த முறையில் முதலில் கப்பலின் மேல்தோல் உருவாகும். விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் பிறகுதான் உள்ளே போகும். சைப்ரஸ் தீவில் கிரேனியாவுக்கு அருகே 1965இல் கடலில் மூழ்கிய மனிதர் ஒருவர் கண்டெடுத்த கப்பல், சுமார் 2,300 வருஷங்களுக்கு முற்பட்டது. அதுவும் அப்படிக் கட்டியதுதான். அதன்பின் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கழுந்துகள் சிறுத்தன. ஒன்றுக்கொன்று தூரம் அதிகமாயிற்று. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் யாஸியாதா தீவருகே மூழ்கிய பைஸாண்டிய வணிகக் கப்பலில் அடிப்பாகம் பழைய முறை, மேல்பாகம் புதிய முறை. பதினோராம் நூற்றாண்டில் ஸெர்ச்சே லிமானி என்ற இடத்தில் மூழ்கிய கப்பலில் கழுந்தே கிடையாது. முதலில் எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டு, பிறகு அதன்மேல் பலகையை அறைந்திருக்கிறார்கள்.

இந்த மாறுதலை உண்டாக்கியது எந்த மேதை? எந்தச் சக்கரவர்த்தி? யாருமில்லை. ஆயிரக்கணக்கான கழுந்துகளை மயிரிழை பிசகாமல் வெட்டக் கைதேர்ந்த தச்சர்கள் வேண்டும். அவர்களுக்கு மாதக்கணக்கில் கூலி வேண்டும். பெரிய சாம்ராஜ்யம் ஒடுங்கி, சின்னச் சின்ன வியாபாரிகள் தங்கள் காசில் கப்பல் கட்ட நேர்ந்தபோது அந்தச் செலவு கட்டுபடியாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தலைமுறை தலைமுறையாக, பெயர் தெரியாத தச்சர்கள் வேலையைச் சுருக்கினார்கள். புதுமை என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கிரீடம் வைத்துக்கொண்டு வருவதில்லை, கூலிக்கணக்கு பார்த்துக்கொண்டு வருகிறது.

இப்போது நம் பக்கம் திரும்பலாம். ஸெர்ச்சே லிமானியில் அந்தக் கப்பல் மூழ்கிய காலம் ஏறத்தாழ கி.பி. 1025 என்று கணித்திருக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின் மேல் சென்றதும் 1025தான். அங்கே மூழ்கியது சக்கரவர்த்தியின் கப்பல் அல்ல. உருக்குவதற்காக உடைந்த கண்ணாடியும் கண்ணாடிப் பாளமுமாக மூன்று டன் ஏற்றிக்கொண்டு போன சாதாரண வியாபாரக் கப்பல். அதை 1977 முதல் மூன்று பருவங்கள் மூழ்கி மூழ்கி எடுத்தார்கள். கண்ணாடிச் சில்லுகளை வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒட்டினார்கள். மரத்துண்டுகளைப் பதப்படுத்தி, போத்ரும் நகரத்து மியூசியத்தில் கப்பலாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கே, கடாரம் கொண்டவனின் கப்பல்களில் ஒரு பலகைகூட நம் கையில் இல்லை. மெய்க்கீர்த்தி இருக்கிறது, வென்ற ஊர்களின் பட்டியல் இருக்கிறது, தஞ்சைக் கல்லில் 1030ஆம் வருஷத்து எழுத்து இருக்கிறது. கப்பல் எவ்வளவு நீளம், எந்த மரம், ஆணியா கயிறா என்பதற்கு ஒரு சொல் கிடையாது. உடைந்த கண்ணாடி ஏற்றிய கப்பலைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த அளவில் நூறில் ஒரு பங்குகூட, கடாரத்தை வென்ற கப்பலைப் பற்றி நமக்குத் தெரியாது. ஆனால் மார் தட்டுகிற சத்தம் நம் பக்கத்தில்தான் அதிகம்.

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள்: 'நம்முடையது உஷ்ணப் பிரதேசக் கடல், மரம் நிற்காது, புழு அரித்துவிடும்.' மத்தியதரைக் கடலிலும் புழு உண்டு. சரக்குக்கும் மணலுக்கும் அடியில் அகப்பட்ட மரம்தான் அங்கேயும் பிழைத்தது. உஷ்ணம்தான் காரணம் என்றால், நம்மைவிடப் பூமத்திய ரேகைக்கு நெருக்கமாயுள்ள இந்தோனேஷியாவின் பெலித்துங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் எப்படிக் கிடைத்தது? 1998இல் கண்டெடுத்தார்கள். இரும்பாணி இல்லாமல் கயிற்றால் தைத்த கப்பல். உள்ளே சுமார் 60,000 சீனப் பீங்கான்கள். அது கிடந்ததும் கடாரத்துக்கு அப்பாலுள்ள அதே கீழ்க்கடலில்தான். இலங்கையின் தென்கரையில் கோடவாயருகே சுமார் 2,000 வருஷத்துக்கு முற்பட்ட கப்பலொன்றின் சரக்கும் மிச்சமும் கிடைத்திருக்கின்றன. கடல் எல்லாவற்றையும் தின்றுவிடவில்லை. தேடியவனுக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறது.

பெருமை பேசுகிறவர்களைச் சொன்னேன். இன்னொரு கட்சி இருக்கிறது. அது இங்கிலீஷ் புத்தகத்தை மட்டும் படித்த கட்சி. கயிற்றால் தைத்த படகு என்றாலே அது காட்டுமிராண்டித்தனம், இரும்பாணி அடிக்கத் தெரியாதவன் செய்த வேலை என்பது அதன் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்துக்கு வயது அதிகம். பாரசீக வளைகுடாவில் தைத்த கப்பலைப் பார்த்த மார்க்கோ போலோ, இது படுமோசம், இதில் ஏறுவது ஆபத்து என்று எழுதிவைத்தான். அவனுக்கும் முன்னால் ஆறாம் நூற்றாண்டில் புரோகோப்பியஸ் என்ற கிரேக்கச் சரித்திரக்காரர், கடலுக்கடியில் காந்தமலை இருப்பதால்தான் இந்தியக் கப்பலில் இரும்பு வைப்பதில்லை என்ற கதையைச் சரியாகவே தள்ளிவிட்டு, இந்தியர்களிடம் இரும்பு இல்லை என்ற தவறான காரணத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டார். இரும்பு இல்லாத தேசமா இது? முதல் நூற்றாண்டில் எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் எழுதிய கிரேக்க வியாபாரி, இந்திய இரும்பும் எஃகும் செங்கடல் துறைமுகத்துக்கு இறக்குமதியாவதைக் கணக்கில் சேர்த்திருக்கிறான். எஃகை ஏற்றுமதி செய்த தேசத்துக்கு ஆணி அடிக்கத் தெரியாது என்பது, நெல் விளையும் ஊரில் சோறு வடிக்கத் தெரியாது என்பது போல.

பிறகு ஏன் தைத்தார்கள்? பதில் புத்தகத்தில் இல்லை. நம் மெரினாக் கரையில் அலையில் இருக்கிறது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பாதி வேலையில் 1881ஆம் வருஷத்துப் புயல் அதைக் குலைத்துப்போட்டது. அதற்கெல்லாம் முன்பு இரண்டு நூற்றாண்டுக்கு மேல், கோட்டைக்கு வந்த கவர்னரும் பாதிரியும் சிப்பாயும் சரக்கும் கரையேறியது மசூலாப் படகில். பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கடியில் நாரைத் திணித்த படகு அது. ஆணியும் இல்லை, விலாச் சட்டமும் இல்லை. வெள்ளைக்காரன் கப்பலோடு கொண்டுவந்த படகு, ஆணி அறைந்து விறைப்பாகக் கட்டியது. இந்த அலையில் மணலில் மோதினால் அது பிளந்துவிடும். மசூலா வளைந்து கொடுக்கும். மோதிய அடியை உடம்பு முழுவதும் பரப்பிக்கொண்டு எழுந்துவிடும். தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே போவார்கள். கசிகிற படகு கரை சேர்த்தது. கசியாத படகு சுக்குநூறாயிற்று. இது தெரியாமையா, தெரிவா? அலைக்குத் தக்க படகு செய்தவனைக் காட்டுமிராண்டி என்றால், அவன் தோளில் கால் வைத்துக் கரையேறியவனை என்னவென்று சொல்வது?

எனக்கு இரண்டு கட்சியின்மீதும் ஒரே கோபம்தான். ஒருவர் படகைப் பார்க்காமல் புகழ்கிறார். மற்றவர் படகைப் பார்க்காமல் இகழ்கிறார். படகு நடுவில் கிடந்து உளுத்துப்போகிறது.

இந்தப் பார்க்காத பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. மணிமேகலையில் புண்ணியராசன் கப்பல் செய்யும் கம்மியரை அழைக்கிறான். அழைத்த கையோடு கடற்கரைக்குப் போய் அவன் கப்பலில் ஏறியும் விடுகிறான். நடுவில் அந்தக் கம்மியர்கள் என்ன செய்தார்கள், எந்த மரத்தை எப்படி அறுத்தார்கள் என்பதில் சாத்தனாருக்குச் சிரத்தை இல்லை. ஆனாலும் அவர் கம்மியர் என்ற சொல்லையாவது போட்டார். பின்னால் வந்தவர்களிடம் அதுவும் அருகிவிட்டது. சங்ககாலத்துச் சோழநாட்டுத் துறைகளில் நின்ற கப்பல் வகைகளைக் கொஞ்சமாவது பிரித்துச் சொல்கிறவன் அதே பெரிப்ளூஸ் கிரேக்கன்தான். பெரிய மரங்களைச் சேர்த்துப் பிணைத்தவை 'சங்கர', கீழ்த்திசைக்குப் போகிற பெருங்கப்பல் 'கொலாந்தியோபொந்தா' என்று அவன் காதில் விழுந்ததை எழுதிவைத்தான். நம் கப்பலின் ஜாதகத்தை நாம் அந்நியன் கையெழுத்தில் படிக்கவேண்டியிருக்கிறது.

நாவல் எழுதுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. சரித்திர நாவலில் கதாநாயகன் கப்பலில் தாவி ஏறுவான், பாய் விரியும், நிலவு காயும், கதாநாயகி பெருமூச்சு விடுவாள். அந்தப் பாயை எந்த நூலில் தைத்தார்கள், கப்பலுக்கு அடியில் என்ன பூசினார்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் வாசகர் தூங்கிவிடுவார் என்று யார் சொன்னது? தச்சன் கையில் உளி நிற்பதைப் பார்த்துத் தூங்குகிற வாசகரை நான் சந்தித்ததில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு மனிதனை நிறுத்திப் பார்க்கிறேன். ரோட்ஸ் தீவிலிருந்து வந்த மைக்கேல் என்ற கிரேக்கன். 1401இல் வெனிஸ் நகரத்துக் கப்பலில் துடுப்பு வலிக்கும் ஆளாகச் சேர்ந்தான். பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் கிடையாது. துடுப்புப் பலகையிலிருந்து படிப்படியாக மேலேறினான். 1434இல் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினான். அதில் கணக்கு, ஜோசியம், கடல்வழி, இவற்றோடு கப்பல் கட்டும் முறையும் அளவுகளும் படங்களும். கப்பல் கட்டுவதைப் பற்றி ஐரோப்பாவில் கிடைக்கும் முதல் விரிவான எழுத்து அதுதான். ராஜா எழுதச் சொல்லவில்லை. துடுப்புப் பிடித்துக் காய்த்த கை எழுதியது. அந்தச் சுவடி 2009இல் பெரிய மூன்று தொகுதிகளாக அச்சேறியிருக்கிறது. அந்தத் தேசத்தில் துடுப்புக்காரன் எழுதுகோலைத் தொடலாம். இங்கே எழுதத் தெரிந்தவன் உளியைத் தொட்டால் தீட்டு. உளி பிடித்தவனுக்கு ஏடு எட்டாது. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மரத்தில் இல்லை, மூளையிலும் இல்லை. இந்தச் சுவரில் இருக்கிறது.

அப்படியானால் நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். 'கப்பல் சாத்திரம்' என்று ஒரு சுவடி, மரத்தின் குணமும் கப்பலின் அளவும் அதற்குரிய நன்மை தீமைப் பலனும் சொல்வது. 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக அச்சேறியது. மேடையில் கப்பலேறுகிற நமது பிரசங்கிகளில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்?

சுவடியைவிடப் பெரிய பொக்கிஷம் உயிரோடு இருந்தது. கடற்கரையில் கப்பல் தச்சனுக்கு ஓடாவி என்று பெயர். அதிராம்பட்டினம் பக்கத்து ஓடாவிகள் வத்தை என்ற பாய்மரப் படகைக் கட்டினார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. ஒரு பலகையில் நடுச்சட்டத்தின் வளைவைக் கீறிக்கொண்டு, அதில் இட்ட குறிகளைப் படிப்படியாக நகர்த்தி, அடுத்தடுத்த சட்டங்களின் வளைவைப் பெற்றுவிடுவார்கள். முதலில் எலும்புக்கூடு, பிறகு பலகை. 1990களில் ஷான் மக்ரெயில், லூசி புளூ, எரிக் கென்ட்லி என்ற மூன்று ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து அயர்ந்துபோனார்கள். மைக்கேல் காலத்து வெனிஸ் தச்சர்கள் கையாண்ட கணக்குக்கு நெருங்கிய உறவுள்ள முறை, தஞ்சாவூர்க் கரையில் கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததா, இங்கேயே முளைத்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. முளைத்ததென்றால் நம் பெருமை. வந்ததென்றால் வாங்கி நிலைநிறுத்திய ஓடாவியின் பெருமை. எப்படியானாலும் பெருமை உண்டு. ஆனால் 1998இல் அதை எழுதி அச்சிட்டவர்கள் அந்த மூவர். நாம் அப்போது 'நேவி'க்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ராபின்ஸன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, வேறு பெயர் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளூஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இது ஆயிரம் வருஷத்துக் கதையல்ல. நம் தாத்தா காலத்துக் கதை. கல்வெட்டு வேண்டாம், ஊகம் வேண்டாம். தமிழ் ஓடாவி கட்டிய கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டியது. தூத்துக்குடித் தோணி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்துக் கொழும்பு போய்வந்தது. இவற்றுக்கு எத்தனை கூட்டம் போட்டோம்?

2025இல் இந்தியக் கடற்படை 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பலைப் படையில் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கப்பலின் உருவத்தை எங்கிருந்து எடுக்க வேண்டியிருந்தது? அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியத்திலிருந்து. கட்டியவன் அளவு எழுதிவைக்காததால் சித்திரக்காரன் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. தைத்தது யார்? பாபு சங்கரன் என்ற கேரளத்து ஆசாரியின் தலைமையில் வந்த தச்சர்கள். தையல் தெரிந்த கை இன்னும் மிச்சமிருந்ததால்தான் கப்பல் எழுந்தது. நம் மெரினாவில் மசூலாவை இன்று தேடினால் கிடைக்காது. 2004ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் கரையோரம் ஒதுங்கியது. மீனவரைக் குறை சொல்ல நான் யார்? மோட்டார் போட்டுச் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வருவது அவர் உரிமை. கூலிக்கணக்கு பார்த்துத்தான் புதுமை வரும் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். படகு மாறட்டும். மாறுவதற்குமுன் பழையதை ஒருவன் அளந்து எழுதியிருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி.

மாம்பலத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தியாகராயநகர் இருக்குமிடத்தில் ஒரு நீண்ட ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் பந்தயம் விட்டார்கள். 1920களில் அதைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டோம். இன்று அங்கே ஏரி இருந்ததென்று சொன்னால் நம்பாதவர்கள்தான் அதிகம். கண்ணெதிரே இருந்த ஏரியையே நூறு வருஷத்தில் மறந்தவர்கள், ஓடாவியை மறக்க எத்தனை வருஷம் ஆகும்?

ஆகவே, சோழன் கப்பலுக்குச் சிலை வைக்கப்போகிறோம், நன்கொடை தாருங்கள் என்று யாராவது என்னிடம் வந்தால் ஒரு பைசா கொடுக்கமாட்டேன். அந்தப் பணத்துக்கு அளவுநாடாவும் நோட்டுப் புத்தகமும் பஸ் டிக்கெட்டும் வாங்கி, இரண்டு இளைஞர்களை அதிராம்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அனுப்புங்கள். உளி பிடித்த கிழவர் ஒருவர் மிச்சமிருந்தால், அவர் பக்கத்தில் ஆறு மாதம் உட்காரச் சொல்லுங்கள். அவர் பலகையில் கீறும் குறி ஒவ்வொன்றையும் அவர் வாயால் சொல்லும் பெயரோடு எழுதிக்கொள்ளட்டும். அடையாறு ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறார்கள்; அங்கே ஒரு வாரம் அந்த ஓடாவியை வாத்தியார் நாற்காலியில் உட்கார வையுங்கள். நாற்காலி ஒன்றும் தேய்ந்துவிடாது.

கடாரம் வென்றவன் பெயர் நமக்குத் தெரியும். அவனைக் கடாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவனின் பெயர் தெரியாது. அது போனது போகட்டும். அவன் வம்சத்தில் மிச்சமிருப்பவனின் பெயரையாவது, அவன் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.